உண்ணி தொற்றோடு பிறப்பதில்லை

(பொது அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் கோடை பிறந்துவிட்டால் பெற்றோருக்கு ஒரு வேலை கூடிவிடும். வெளியே விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமயிரின் அடி என்று ஓரிடம் விடாமல் பார்க்க வேண்டும். தேடுவது கசகசா அளவே உள்ள ஓர் உண்ணியை. அது கடித்துப் பரப்பும் லைம் நோய்க்காக ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,76,000 பேர் அந்நாட்டில் சிகிச்சை பெறுகிறார்கள் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. கடித்த இடத்தைச் சுற்றிப் படரும் சிவந்த தடிப்பு, காய்ச்சல், உடல்வலி என்று நோய் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் முகவாதம், இதயத் துடிப்பில் கோளாறு, மாதக்கணக்கில் வடியாத முழங்கால் வீக்கம் என்று முற்றும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின் போன்ற பழகிய ஆன்டிபயாடிக் மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். மருத்துவப் பக்கத்தைப் பற்றி இவ்வளவு போதும். மனித உடம்புக்கு வந்து சேர்வதற்கு முன் இந்த நோய் காட்டில் எங்கே குடியிருக்கிறது, எப்படிக் கைமாறுகிறது என்பதே இன்றைய பேச்சு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைம் நோய்க்கு உண்ணியைக் குற்றம் சொல்கிறோம், மானையும் குற்றம் சொல்கிறோம். உண்ணி இல்லாமல் நோய் பரவாது. மான் போன்ற பெரிய விலங்கு இல்லாமல் உண்ணி பெருகாது. இரண்டும் மெய்தான். ஆனால் உண்ணியின் வயிற்றுக்குள் கிருமி வந்து சேர்வது காட்டெலியையும் அதன் அளவொத்த சிறு விலங்குகளையும் கடிக்கும்போது. ஆகவே நோயை அதன் ஊற்றிலேயே மறிக்க நினைப்பவர் கைவைக்க வேண்டிய இடம், எலிக்கும் உண்ணிக்கும் நடுவே நடக்கும் அந்தக் கைமாற்றம். எலியைக் கொல்ல வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கொல்வது ஏன் பயன் தராது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

நோய் கண்டறியப்பட்ட விதமே இந்த வாதத்துக்கு முதல் சான்று. 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற சிற்றூரில் வசித்த பாலி மரே என்ற தாயும் இன்னொரு தாயும், தங்கள் பகுதிக் குழந்தைகள் பலருக்கு மூட்டுவாதம் வந்திருப்பதாகச் சுகாதார அதிகாரிகளிடமும் மருத்துவர்களிடமும் முறையிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் அரிதான நோய். அடுத்தடுத்த வீடுகளில் வருவதற்கு வழியே இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீரும் சகாக்களும் லைம், ஓல்ட் லைம், ஈஸ்ட் ஹாடம் ஆகிய மூன்று ஊர்களில் 51 நோயாளிகளைக் கண்டறிந்து 1977இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் 39 பேர் குழந்தைகள். பெரும்பாலோருக்கு நோய் கோடையிலோ இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலோ வந்திருந்தது. ஊர் நடுவில் இருந்தவர்களைவிட மரங்கள் அடர்ந்த பகுதியில் இருந்தவர்களே அதிகம். ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலும் வெவ்வேறு ஆண்டுகளில் வந்திருந்தது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் நோய் இப்படி நடந்துகொள்ளாது. கனெக்டிகட் ஆற்றின் கிழக்குக் கரையில் நோயாளிகளும் மிகுதி, உண்ணிகளும் மிகுதி. மேற்குக் கரையில் இரண்டும் குறைவு. கிருமியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, நோயின் முகவரி காடும் உண்ணியும்தான் என்பது தெளிவாகிவிட்டது. 1981இல் மொன்டானா மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் வில்லி பர்க்டோர்ஃபர், நியூயார்க்கை அடுத்த ஷெல்ட்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடிய அவருக்கு உண்ணியின் நடுக்குடலில் சுருள் வடிவ பாக்டீரியா தென்பட்டது. அவர் பெயராலேயே அது இன்று பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்று அழைக்கப்படுகிறது.

குடலில் இருப்பது தெரிந்துவிட்டது. குடலுக்குள் எப்படி வந்தது? இதற்கு விடை உண்ணியின் வாழ்நாள் கணக்கில் இருக்கிறது. கருங்கால் உண்ணி எனப்படும் இந்த இனம், முட்டை தொடங்கித் தானே முட்டையிட்டுச் சாகும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழ்கிறது. அத்தனை காலத்திலும் அது ரத்தம் குடிப்பது மூன்றே தடவை. கோடையின் பிற்பகுதியில் பொரித்து வரும் ஆறுகால் குஞ்சு உண்ணி முதல் தடவை குடிக்கிறது. அடுத்த ஆண்டு மே முதல் ஜூலை வரையிலான நாட்களில் எட்டுக்கால் இளம் உண்ணியாக இரண்டாம் தடவை. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்திலோ அதையடுத்த வசந்தத்திலோ முதிர்ந்த பெண் உண்ணியாக மூன்றாம் தடவை. ஒவ்வொரு தடவையும் சில நாட்கள் ஒரே விலங்கின்மேல் ஒட்டிக் கிடந்து, வயிறு புடைத்ததும் உதிர்ந்து, சருகுக்குள் புகுந்துகொள்கிறது; முதல் இரண்டு தடவை தோலுரிக்கிறது, கடைசித் தடவை முட்டையிடுகிறது. தாய் உண்ணியின் உடம்பில் லைம் கிருமி இருந்தாலும் அது முட்டைக்கு இறங்குவதில்லை. ஒரு தாய் இடும் இரண்டாயிரம் முட்டைகளும் பொரிந்தாலும் குஞ்சுகள் அத்தனையும் சுத்தமாகவே வெளிவருகின்றன. அப்படியானால் ஜூன் மாதத்தில் ஒரு குழந்தையைக் கடிக்கும் இளம் உண்ணியிடம் கிருமி இருக்கிறது என்றால், அது முந்தைய கோடையில் குடித்த அந்த ஒரே ஒரு வேளை ரத்தத்திலிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு விளக்கமே இல்லை.

இது எல்லா நோய்க்கும் பொருந்தும் விதி என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டு மருத்துவர்கள் ஆண்டுதோறும் பார்க்கும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலிலும் எலி உண்டு, கடிக்கும் சிறு பூச்சியும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கதை. ஆனால் அங்கே கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகத் தலைமுறைதோறும் இறங்குகிறது. பூச்சியே கிருமியின் இருப்பிடம். எலி முக்கியமாக அந்தப் பூச்சிக்குத் தீனி. லைம் நோயில் இந்தப் பங்கு மாறிவிடுகிறது. உண்ணி ஒவ்வொரு தலைமுறையிலும் கிருமியைப் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்குவதற்கு ஒரு விலங்கு வேண்டும். ஆகவே எந்த விலங்கைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது. இது உண்ணிக்கு ரத்தம் கொடுக்கிறதா என்பது ஒன்று. கொடுக்கும் ரத்தத்தோடு கிருமியையும் கொடுக்கிறதா என்பது மற்றொன்று. லைம் நோயைப் பற்றிய குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்பதால் வந்தவை.

இரண்டாவது கேள்விக்கு விடை காண ஆய்வாளர்கள் கையாண்ட முறை எளியது, பொறுமையைச் சோதிப்பது. காட்டில் உயிரோடு பிடித்த விலங்கைக் கம்பி வலைத் தளம் உள்ள கூண்டில் விட்டு, கூண்டுக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்துவிடுவார்கள். விலங்கின்மேல் ஒட்டியிருக்கும் குஞ்சு உண்ணிகள் வயிறு நிரம்பியதும் ஒவ்வொன்றாக உதிர்ந்து தண்ணீரில் விழும். அவற்றைப் பொறுக்கி ஈரப்பதமுள்ள குப்பிகளில் வைத்துத் தோலுரிக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, இளம் உண்ணியாக மாறியபின் உள்ளே கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் தென்கிழக்கே நடந்த இத்தகைய ஆய்வுகளில், வெள்ளைக்கால் எலியைக் கடித்த குஞ்சுகளில் பத்துக்கு ஒன்பது தொற்றோடு வெளிவந்தன. சிப்மங்க் எனப்படும் கோடு போட்ட தரை அணிலைக் கடித்தவற்றில் சுமார் பாதி, மூஞ்சூறுகளைக் கடித்தவற்றிலும் பாதிக்குச் சற்றுக் குறைவு. மர அணிலிடம் இந்த விகிதம் வெகுவாகச் சரிந்தது. ஒபோஸம், ரக்கூன் என்ற நடுத்தர அளவு விலங்குகள், மான் ஆகியவற்றைக் கடித்த குஞ்சுகளிலோ தொற்றியவை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. மானின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் இந்தக் கிருமியைக் கொன்றுவிடுகின்றன. வெள்ளைக்கால் எலியின் உடம்போ கிருமியை ஏற்றுக்கொண்டு, நோயின் அறிகுறி எதையும் காட்டாமல், தோலில் வைத்துக் காப்பாற்றி, எஞ்சிய வாழ்நாள் முழுக்கக் கடிக்கும் உண்ணிகளுக்கெல்லாம் வழங்குகிறது. பழுப்பு முதுகும் வெண்வயிறும் பெரிய கண்களுமாக, இரவில் நடமாடும் இந்தச் சிற்றெலி காட்டில் மட்டும் வாழ்வதில்லை. தோட்டத்துக் கல்சுவர் இடுக்கு, விறகு அடுக்கு, கொட்டகைக் கூரை எல்லாம் அதற்கு வீடுதான். கோடையின் இறுதியில் பிடிபடும் எலியின் காதோரத்தில் குஞ்சு உண்ணிகள் வரிசையாக அப்பியிருப்பதை ஆய்வாளர்கள் வழக்கமாகக் காண்கிறார்கள்.

இந்தக் கைமாற்றத்துக்குப் பருவமும் துணை நிற்கிறது. வயதில் மூத்த இளம் உண்ணிகள் மே, ஜூன் மாதங்களில் கிளம்புகின்றன; இளைய குஞ்சுகள் ஆகஸ்டில் கிளம்புகின்றன. ஆண்டின் கணக்கில், மூத்த தலைமுறை முதலில் வந்து எலிகளைக் கடித்துக் கிருமியை இறக்கிவிட்டுப் போகிறது. எலியின் உடம்பில் அது பரவித் தோலுக்கு வந்து சேர சில வாரங்கள் ஆகும். சரியாக அந்த வேளையில் புதிதாகப் பொரித்த சுத்தமான குஞ்சுகள் அதே எலியிடம் வந்து குடிக்கின்றன. இந்த வரிசை தலைகீழாக, குஞ்சுகள் முதலிலும் மூத்தவை பிறகும் வந்திருந்தால், அந்த ஆண்டு பிறந்த எலிகளில் பெரும்பாலானவை குஞ்சுகளுக்குக் கொடுக்கக் கையில் கிருமியே இல்லாமல் இருந்திருக்கும். ஒரு தலைமுறை உண்ணியிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு முட்டை வழியாக இறங்க முடியாத கிருமி, எலியை நடுவில் வைத்து அதே வேலையை முடித்துக்கொள்கிறது.

எலிக்கு இவ்வளவு பங்கு உண்டென்றால், எலி பெருகும் ஆண்டுக்குப் பின் தொற்றுள்ள உண்ணியும் பெருக வேண்டும் அல்லவா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலம் டச்சஸ் மாவட்டத்தில், மில்புரூக் என்ற ஊரில் உள்ள கேரி சூழலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஆஸ்ட்ஃபெல்டும் சகாக்களும் ஓக் காடுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஓக் மரம் எல்லா ஆண்டும் ஒரே அளவு காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொட்டித் தீர்க்கும், இடைப்பட்ட ஆண்டுகளில் ஏமாற்றும். கொட்டை மிகுந்த இலையுதிர் காலத்தை அடுத்த குளிர்காலத்தில் எலிகள் பட்டினியில்லாமல் பிழைத்து, அடுத்த கோடைக்குள் பெருகிவிடுகின்றன. அதே கொட்டைக்காக மான்களும் ஓக் காட்டுக்குள் வந்து தங்கி, தங்கள் மேலிருந்த முதிர்ந்த உண்ணிகளை அங்கேயே உதிர்த்துவிட்டுப் போகின்றன. மறு கோடையில் அந்த இடத்தில் குஞ்சும் மிகுதி, எலியும் மிகுதி. அதற்கும் அடுத்த கோடையில், அதாவது கொட்டை விழுந்து இரண்டாம் ஆண்டில், தொற்றோடு இளம் உண்ணிகள் கிளம்புகின்றன. வெறும் கவனிப்போடு நிற்காமல், காட்டின் சில பகுதிகளில் மூட்டை மூட்டையாக ஓக் கொட்டையைக் கொண்டுவந்து கொட்டியும் பார்த்தார்கள். அங்கே எலியும் குஞ்சு உண்ணியும் கூடின. இந்த முடிவு 1998இல் வெளியானது. 2006இல் வெளியான 13 ஆண்டுத் தொடர் கணக்கில், ஓர் ஆண்டின் ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல மான் எண்ணிக்கையையும் தட்பவெப்பத்தையும்விட, ஓக் கொட்டையும் எலி, சிப்மங்க் எண்ணிக்கையும் அதிகம் உதவின.

இங்கே முதல் மறுப்பு எழும். 'அப்படியானால் மானுக்குப் பங்கே இல்லையா? மானை ஒழித்த இடங்களில் உண்ணி ஒழிந்திருக்கிறதே' என்பார்கள். ஒழிந்திருப்பது உண்மை. மெய்ன் மாநிலக் கடலில் உள்ள மொன்ஹிகன் தீவில் 1996 முதல் 1999 வரை மான்கள் அனைத்தும் அகற்றப்பட்டன. அதன்பின் அங்கே கருங்கால் உண்ணி அருகிப்போனது. முதிர்ந்த பெண் உண்ணி முட்டையிடுவதற்கு முன் வயிறார ரத்தம் குடிக்கப் பெரிய விலங்கு வேண்டும். அந்த நாட்டில் அது முக்கியமாக வெள்ளைவால் மான்தான். வரலாறும் இதையே சொல்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டெடம் பகுதியில் 1894இல் பிடித்து அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த வெள்ளைக்கால் எலியின் தோலில் இந்தக் கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்திருக்கிறது. கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வு, வட அமெரிக்காவில் அது குறைந்தது 60,000 ஆண்டுகளாக இருப்பதாகக் கணித்தது. கிருமியும் பழையது, எலியும் பழையது. இருந்தும் 1970களில்தான் ஏன் நோய் வெடித்தது? 19ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்குப் பகுதியின் காடுகளில் பெரும்பகுதி விவசாயத்துக்காக வெட்டப்பட்டு, மானும் வேட்டையில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. பிறகு விவசாயம் மேற்கே நகர்ந்து, கைவிட்ட வயல்களில் காடு திரும்பி, காட்டோடு மானும் திரும்பி, அந்தக் காட்டுக்குள்ளேயே மனிதர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். ஆகவே உண்ணி எத்தனை என்பதற்கு மான் விடை சொல்கிறது. உண்ணியில் எத்தனை தொற்றுள்ளது என்பதற்கு எலி விடை சொல்கிறது. மறுப்பவர் சொல்வது முதல் கேள்விக்கான விடை; என் வாதம் இரண்டாவது கேள்வியைப் பற்றியது. நடைமுறையிலும் வேறுபாடு உண்டு. தீவில் மானை ஒரேயடியாக அகற்ற முடியும். நிலப்பரப்பில் முடிவுகள் முரண்படுகின்றன. கனெக்டிகட்டின் மம்ஃபர்ட் கோவ் குடியிருப்பில் மானைப் பெருமளவு குறைத்தபின் உண்ணியும் நோயும் குறைந்ததாகப் பதிவு இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. மிச்சமிருக்கும் சில மான்களே உண்ணிகளுக்குப் போதுமாகிவிடுகின்றன.

இரண்டாவது மறுப்பு என் வாதத்தின் உள்ளேயே புகுந்து கேட்பது, அதனால் கனமானது. 'பத்துக்கு ஒன்பது என்பது எலியைக் கடித்த குஞ்சுகளில் மட்டும். மொத்தக் குஞ்சுகளில் எத்தனை எலியிடம் போகின்றன?' 2008இல் டஸ்டின் பிரிசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டபோது வந்த விடை பலரையும் திடுக்கிட வைத்தது. அவர்கள் ஆராய்ந்த காட்டில் உண்ணிகளில் பத்தில் ஒரு பங்குக்கும், தொற்றுள்ள உண்ணிகளில் கால் பங்குக்கும்தான் எலி ரத்தம் கொடுத்திருந்தது. கண்ணில் படாமல் சருகுக்கடியில் ஓடும் மூஞ்சூறுகள் தொற்றுள்ள உண்ணிகளில் பாதிக்கு மேல் ஊட்டியிருந்தன. இதை மறைத்துவிட்டு எலியை மட்டும் பேசினால் அது நேர்மையான பேச்சாகாது. எலி ஒன்றே கருவூலம், அதாவது கிருமியைத் தேக்கிவைத்து உண்ணிக்கு வழங்கும் விலங்கு, என்ற பழைய கூற்று விழுந்துவிட்டது. ஆனால் உண்ணி சுத்தமாகப் பிறந்து சிறு விலங்கிடமிருந்து கிருமியை வாங்குகிறது என்ற அடிப்படை இதனால் அசையவில்லை. வாங்கும் கடைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்றுதான் ஆகிறது. ஒவ்வொரு காட்டிலும் இந்தப் பங்கீடு ஒரே மாதிரி இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. எலிகள் பெருகிய ஆண்டில் எலியின் பங்கு கூடும், ஒடுங்கிய ஆண்டில் மூஞ்சூறின் பங்கு கூடும். ஐரோப்பாவில் இதே நோயைப் பரப்பும் உண்ணி இனமும் வேறு, அங்கே கருவூலமாக இருக்கும் வயல் எலிகளும் பறவைகளும் வேறு. எலிப் பங்கை மட்டும் மறித்து முழு வெற்றி காண முடியாது என்ற எச்சரிக்கையாக இந்த மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

மூன்றாவது மறுப்பு, பல்லுயிர்ப் பெருக்கத்தைப் பற்றியது. எலியைத் தவிர மற்ற விலங்குகள் நிறைய இருந்தால் குஞ்சு உண்ணிகள் அவற்றிடம் போய்ச் சுத்தமாகவே திரும்பும், தொற்று நீர்த்துப்போகும் என்பது ஆஸ்ட்ஃபெல்டும் ஃபெலிசியா கீசிங்கும் முன்வைத்த கருத்து. டச்சஸ் மாவட்டத்தில் 2 ஹெக்டேருக்கும் சிறிய காட்டுத் துண்டுகளில், மற்ற விலங்குகள் அற்று எலி மட்டும் தங்கிய இடங்களில், தொற்றுள்ள இளம் உண்ணி அடர்ந்திருந்தது இதற்குச் சான்று. எதிர்ச்சான்றும் வலுவாகவே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு வேலிப் பல்லி இனத்தின் ரத்தம் இந்தக் கிருமியைக் கொல்லும். கருத்துப்படி பல்லியை அகற்றினால் ஆபத்து கூட வேண்டும். அகற்றிப் பார்த்தபோது, பல்லியை நம்பியிருந்த உண்ணிகளில் பல வேறு விலங்கு கிடைக்காமல் மடிந்து, ஆபத்து குறைந்தது. ஒபோஸம் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான உண்ணிகளைத் தின்று தீர்க்கும் என்ற புகழும், அதன் இரைப்பைகளை ஆராய்ந்து உண்ணியே காணாதவர்களால் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. காட்டைக் காப்பதற்கு நல்ல காரணங்கள் ஏராளம். லைம் நோயைத் தானாகவே குறைத்துவிடும் என்ற உறுதிமொழியை அதன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. என் வாதமும் அந்தக் கருத்தை நம்பி நிற்கவில்லை. ஒரு விலங்கு உண்ணிக்கு ரத்தமும் கொடுக்கிறது, கிருமியையும் தடுக்கிறது என்றால், அது உண்ணியைப் பெருக்குகிறதா, தொற்றைக் குறைக்கிறதா என்பதை இடத்துக்கு இடம் அளந்துதான் சொல்ல முடியும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? எலியைக் கொல்வதை முதலில் ஒதுக்கிவிடலாம். ஆண்டுக்குப் பல ஈற்று ஈனும் விலங்கு அது; கொன்ற இடத்தைச் சுற்றுப்புறத்து எலிகள் வந்து நிரப்பும். எலி அருகிய இடத்தில் குஞ்சு உண்ணி பட்டினி கிடக்கப்போவதில்லை. மூஞ்சூறையும் சிப்மங்கையும் தேடிப் போகும், அங்கேயும் கிருமி கிடைக்கும். அதனால்தான் ஆய்வாளர்களின் கவனம், எலியை உயிரோடு விட்டுவைத்து அதைக் கிருமி கொடுக்க முடியாததாக ஆக்குவதற்குத் திரும்பியிருக்கிறது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்த பஞ்சை அட்டைக் குழாயில் அடைத்துத் தோட்டத்தில் போடுவது ஒரு வழி. எலி அந்தப் பஞ்சைக் கூட்டுக்கு எடுத்துப்போய் மெத்தையாக்கிக்கொள்ளும். அதன் மேலிருக்கும் உண்ணிகள் சாகும், எலிக்குத் தீங்கில்லை. மாசசூசெட்ஸில் இது நல்ல பலன் தந்தது, கனெக்டிகட்டிலும் நியூயார்க்கிலும் அவ்வளவு தரவில்லை. இன்னொரு வழி எலிக்குத் தடுப்பூசி. 2004இல் ஜீன் சாவோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், கனெக்டிகட் காட்டில் எலிகளைப் பிடித்து ஊசி போட்டு விட்டார்கள். மறு ஆண்டு இளம் உண்ணிகளில் தொற்று விகிதம் குறைந்தது. எலி மட்டுமே கருவூலமாக இருந்திருந்தால் குறைந்திருக்க வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. ஒரே பரிசோதனை என் வாதத்தையும் நிறுவுகிறது, இரண்டாவது மறுப்பையும் நிறுவுகிறது. காட்டெலிகளுக்கெல்லாம் ஊசி போட ஆளில்லை என்பதால் பின்னர் தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து வைத்துப் பார்த்தார்கள். டச்சஸ் மாவட்டத்தில் ஐந்து ஆண்டு இதைத் தொடர்ந்த இடங்களில் இளம் உண்ணிகளின் தொற்று விகிதம் ஏறத்தாழ முக்கால் பங்கு சரிந்தது. தீனியை மூஞ்சூறு தின்னுமா, கிருமியை ஏற்காதபடி மரபணு மாற்றிய எலியைத் தீவுகளில் விடலாமா என்பவை அடுத்த கட்டக் கேள்விகள். மாசசூசெட்ஸின் நான்டக்கெட், மார்த்தாஸ் வினியர்ட் தீவுகளில் உயிரியலாளர் கெவின் எஸ்வெல்ட் முன்வைத்த அத்தகைய திட்டம், ஊர்மக்களின் சம்மதத்தை முதல் படியாக வைத்தே பேசப்படுகிறது.

கடைசி மறுப்பு, நடைமுறையாளர்களுடையது. 'உண்ணியையும் தொற்றையும் குறைத்தால் மனித நோய் குறைந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் எங்கே?' டச்சஸ் மாவட்டத்தில் 24 குடியிருப்புப் பகுதிகளில் நான்கு ஆண்டு நடந்த பெரிய பரிசோதனை இதைத்தான் கேட்டது. உண்ணியைக் கொல்லும் பூஞ்சைத் தெளிப்பும், எலியின் முதுகில் மருந்து தடவிவிடும் தீனிப் பெட்டியும் வீட்டு வளாகங்களில் வைத்தார்கள். ஒப்பிடுவதற்குச் சில பகுதிகளில் மருந்தில்லாத போலிகளையும் வைத்தார்கள். மருந்து வைத்த இடங்களில் உண்ணி ஏறத்தாழ பாதியானது, வளர்ப்பு விலங்குகளின் நோயும் குறைந்தது. மனிதர்களின் நோயில் தெளிவான குறைவு இல்லை. 2022இல் வெளியான இந்த முடிவை என் வாதத்தின் தோல்வியாகக் கொள்ள மாட்டேன். அதன் எல்லையைக் காட்டும் சான்றாகக் கொள்கிறேன். மனிதர் தம் வீட்டு வளாகத்துக்குள்ளேயே அடைந்து கிடப்பதில்லை. பூங்காவிலும் நடைபாதையிலும் நண்பர் வீட்டுத் தோட்டத்திலும் கடிபடுகிறார். வீட்டுக்கு வீடு செய்யும் வேலை வீட்டோடு நின்றுவிடும். தொற்றை மறிக்கும் பணி ஊரளவில், காட்டளவில் நடந்தால்தான் கணக்கில் வரும். மனிதன் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதும் குறையவில்லை. பசித்த உண்ணியின் குடலில் ஓயெஸ்பிஏ என்ற புரதத்தைப் போர்த்திக்கொண்டு கிருமி தங்கியிருக்கும். ரத்தம் இறங்கியதும் அந்தப் புரதத்தைக் கழற்றி வேறொன்றை உடுத்திக்கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகரும். இதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கிறது. அதனால்தான் அன்றைக்கன்றே உண்ணியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. 1998இல் அனுமதி பெற்று, விற்பனை சரிந்து வழக்குகளும் சூழ்ந்ததால் 2002இல் சந்தையிலிருந்து விலகிய லைமெரிக்ஸ் தடுப்பூசியும் இந்த இடைவெளியையே பயன்படுத்தியது. ஊசி போட்டவரின் ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் புரதங்கள், அந்த ரத்தத்தைக் குடிக்கும் உண்ணியின் குடலுக்குள்ளேயே போய், அந்த மேற்போர்வையைப் பிடித்துக் கிருமியைக் கொன்றன. சாவோவின் எலித் தடுப்பூசிக்கும் இதே புரதம்தான் குறி. மனிதத் தடுப்பூசி போட்டவரை மட்டும் காக்கும். எலித் தடுப்பூசி அந்தக் காட்டுக்குள் நடக்கும் அனைவருக்குமான ஆபத்தைக் குறைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை.

ஆகவே, லைம் நோயைக் குறைக்கிறேன் என்று யார் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் அதை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். உண்ணியின் எண்ணிக்கையைக் குறைக்கிறதா? அப்படியானால் அது மானோடும் நிலத்தோடும் சம்பந்தப்பட்டது. தீவில் பலிக்கும், பரந்த நிலத்தில் சந்தேகம். உண்ணியில் தொற்றைக் குறைக்கிறதா? அப்படியானால் அது எலியையும் மூஞ்சூறையும் தொட்டாக வேண்டும். ஓக் காய்த்துக் கொட்டிய ஆண்டைப் பார்த்து இரண்டு ஆண்டுக்கு முன்பே திட்டமிடவும் முடியும். மனிதன் கடிபடுவதையோ, கடிபட்டபின் கிருமி ஏறுவதையோ குறைக்கிறதா? அப்படியானால் அது பழக்கத்தோடும் தடுப்பூசியோடும் சம்பந்தப்பட்டது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றின் பலனை எதிர்பார்த்ததுதான் பல முயற்சிகள் ஏமாற்றம் தந்ததற்குக் காரணம். இந்த மூன்றில் இதுவரை மிகக் குறைவாகப் பணமும் கவனமும் பெற்றது நடுவில் இருப்பது என்பது என் கருத்து. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதும், உண்ணி ஒட்டியபின் பிடுங்குவதும், கிருமி ஏற்கெனவே ஏறிவிட்ட உண்ணியோடு நடத்தும் போராட்டங்கள். ஒவ்வொரு கோடையிலும் கோடிக்கணக்கான உண்ணிகள் சுத்தமாகவே பிறந்து வருகின்றன. அவற்றின் முதல் வேளை ரத்தம் கிருமியில்லாததாக இருக்கும்படி செய்ய முடிந்த அளவுக்கு, மறு ஆண்டு அவற்றின் கடி வெறும் கடியாகவே போய்விடும். பொதுச் சுகாதாரம் தன் பணத்தையும் பொறுமையையும் இனி அங்கே செலவிட வேண்டும்.